சராசரி விலங்குக்கு ஒன்றும் ஆகாது

ஒரு காட்டில் என்று தொடங்குகிறேன். அந்தக் காட்டுக்குப் பெயர் உண்டு, எல்லை உண்டு, எல்லைக்கல்லில் எண்கூட உண்டு. சொன்னால் என்மேல் வழக்குப் போடுவார்கள். ஆகவே ஒரு காட்டில் ஒரு மடு இருந்தது, அந்த மடுவில் மூக்காயி என்கிற நீர்நாய் தன் புருஷன் சடையனோடு குடியிருந்தாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒருநாள் காலையில் சடையன் முகம் கழுவும்போது இடப்பக்க மீசை கையோடு வந்துவிட்டது. மறுநாள் வலப்பக்கம். நீர்நாய்க்கு மீசை அழகுக்காக முளைப்பதில்லை. கலங்கிய தண்ணீரில் மீன் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதுதான் சொல்லும். மீசை போன சடையன் தண்ணீருக்குள் பாய்ந்து ஒரு மருத வேரைக் கடித்துக்கொண்டு கரையேறினான். "மீனுன்னு நெனச்சேன்" என்றான். மூக்காயி சிரிக்கவில்லை.

மீன்களும் மல்லாந்து மிதக்கத் தொடங்கியிருந்தன. மூக்காயிக்கு உடம்பெல்லாம் அரிப்பு. அதையும் பொறுத்துக்கொண்டு கிடந்திருப்பாள். ஆனால் அவள் வயிற்றில் குட்டிகள் இருந்தன. நீர்நாய் அறுபது நாள் சுமக்கும். அதில் பத்து நாள் போய்விட்டது. பெற்று, கண் திறக்கவைத்து, கழுத்தைக் கவ்விக்கொண்டுபோய் நீச்சலுக்கு இறக்க அவளுக்கு இருந்தது அந்த ஒரு மடுதான். மேலே இருந்த மடு முதலைக்குச் சொந்தம், கீழே இருந்தது வெயிலுக்குச் சொந்தம்.

காரணம் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். ஓடைக்கு மேற்கே கழுதைப்புலி கோதண்டம் உண்ணி மருந்து ஆலை வைத்திருந்தான். காட்டோரத்தில் மனிதர்கள் லாரியில் கொண்டுவந்து உருட்டிவிட்டுப் போன டிரம்கள் முப்பதோ நாற்பதோ கிடந்தன. அவன் அவற்றை ஓடைக்கரைக்கு உருட்டி வந்து, உள்ளே இருந்த பச்சைத் திரவத்தில் தண்ணீரைக் கலந்து தெளித்துப் பார்த்தான். உண்ணிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. காடே வரிசையில் வந்து நின்றது. காட்டெருமைகள் குளித்தன, மிளாக்கள் குளித்தன, கரடி வெட்கமே இல்லாமல் இரண்டு தடவை குளித்தது. குளித்த தண்ணீர் ஓடையில் இறங்கி மடுவுக்கு வந்தது. சொறிய வேண்டிய வேலை இல்லாமல் போன சந்தோஷத்தில் ஒருவரும் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

மூக்காயி வனவாசிகள் நல்வாழ்வு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே புகார் வாங்கும் எழுத்தர் ஏகாம்பரம், ஒரு தேவாங்கு. ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். அது சோம்பேறித்தனம் இல்லை, அவர்கள் இனமே அப்படி. அந்த இனத்தைத் தேடிப் பிடித்துப் புகார்ப் பிரிவில் போட்டவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

"நஞ்சோட பேர் என்ன?" என்றார் ஏகாம்பரம்.

"தெரியாதுங்க."

"பேரே தெரியாம அது நஞ்சுன்னு எப்படி எழுதுறது? ஏதோ ஒரு திரவம்னு போடவா?"

"போடுங்க. மீனெல்லாம் சாவுது, எம் புருஷனுக்கு மீசை கொட்டிப்போச்சு."

"மீசைக்குத் தனிப் படிவம்மா. அது தோற்றப் பிரிவு, ரெண்டாவது மரம். மீன் கணக்குல வராது, அது தீனி. உனக்கு என்ன கேடு, அதை மட்டும் சொல்லு."

"எனக்கு அரிப்பு மட்டுந்தான், அது கெடக்கட்டும். வயித்துல இருக்கறதுக்கு வந்துருமோன்னு பயமா இருக்கு."

ஏகாம்பரம் மெதுவாகத் தலையை நிமிர்த்தி அவள் வயிற்றைப் பார்த்தார். பார்த்து முடிக்கச் சாப்பாட்டு வேளை வந்துவிட்டது. "பிறக்காததுக்கு எங்க கட்டத்துல இடமில்லையே" என்றார். ஆள் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

இப்படிப் பதினோரு நாள் அலைந்த பிறகு புகார் பதிவானது. விசாரிக்க ஒரு நிபுணர் வேண்டும் என்றது அலுவலகம். உள்ளூரில் படித்தவர்கள் இருந்தார்கள், ஆனால் உள்ளூரில் இருந்ததாலேயே அவர்கள் நிபுணர்கள் இல்லை. நல்லவேளையாக அது மார்கழி. இமயமலையைத் தாண்டிக் குளிர்காலம் கழிக்க வருகிற பட்டைத்தலை வாத்து அம்மையார் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். மலையைத் தாண்டி வந்தவர் என்பதால் அவரை நிபுணராக நியமித்தார்கள். அவருக்கு உதவியாளராக நாற்பத்தேழு என்ற வெள்ளெலியைக் கொடுத்தார்கள். ஏதோ ஓர் ஊரில் மருந்து ஆய்வுக்கூடத்திலிருந்து கூண்டுக் கம்பியைக் கடித்துத் தப்பி வந்தவன் அவன். காதில் குத்தியிருந்த தகட்டில் நாற்பத்தேழு என்று இருந்ததால் அதுவே பெயராகிவிட்டது. நாற்பத்தாறையும் நாற்பத்தெட்டையும் பற்றி அவனிடம் யாரும் கேட்பதில்லை.

"இடர் மதிப்பீட்டிற்கு நான்கு படிகள் உண்டு" என்றார் வாத்து அம்மையார். வெளியூரிலிருந்து வந்தவர் ஆதலால் தமிழைப் புத்தகத்தில் கற்றிருந்தார். "பொருள் யாது, எவ்வளவு சென்றால் கேடு, எவ்வளவு செல்கிறது, ஆகவே என்ன. இந்த வரிசை மாறக்கூடாது."

"எனக்கு இன்னும் முப்பத்தஞ்சு நாள்தாங்க இருக்கு" என்றாள் மூக்காயி.

"காலம் ஐந்தாவது படி. அது எங்கள் முறையில் இல்லை."

முதல் படிக்கு எல்லாரும் கோதண்டத்தின் ஆலைக்குப் போனார்கள். அவன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். கழுதைப்புலிக்கு முகமே அப்படித்தான் என்றாலும் அன்று கொஞ்சம் கூடுதல்.

"இத்திரவத்தின் பெயர் என்ன?" என்றார் அம்மையார்.

"டிரம்ல பேப்பர் ஒட்டியிருந்துதுங்க. அதைக் காட்டாடு ஒண்ணு தின்னுருச்சு."

"அந்த ஆட்டை அழையுங்கள். விசாரிப்போம்."

"அது செத்துப்போச்சுங்க. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சொந்தக் காரணம்."

அம்மையார் குறித்துக்கொண்டார். நாற்பத்தேழு ஒரு டிரம்மைச் சுற்றி வந்து நின்றுவிட்டான். தகரத்தில் கருப்பு மையில் ஒரு மண்டையோடும் குறுக்கே இரண்டு எலும்புகளும் அச்சடித்திருந்தது. 

"அம்மா, இந்தப் படம் எனக்குத் தெரியும். எங்க கூடத்துல இந்தப் படம் போட்ட பாட்டிலைத் திறந்தா அன்னிக்கு எங்கள்ல யாராவது திரும்ப மாட்டாங்க."

கோதண்டத்துக்கு உண்மையாகவே புரியவில்லை. "என்ன தம்பி இப்படிச் சொல்லிட்டே? இந்தப் படத்தைப் பாத்துதான நான் நம்பி எடுத்தேன். மண்டையோடும் ரெண்டு தொடை எலும்பும். எங்க வீட்டுக் கல்யாணத்துலகூட இவ்வளவு தாராளமாப் பரிமாற மாட்டோம். உள்ள ஏதோ சத்தான சரக்குதான் இருக்கும்னு புரிஞ்சுபோச்சு."

அவன் பொய் சொல்லவில்லை. எலும்பைக் கடித்து உள்ளே இருப்பதை உறிஞ்சி வாழ்கிற சாதிசனத்துக்கு அந்தப் படம் ஓட்டல் வாசலில் மாட்டிய பலகை மாதிரிதான் தெரியும். அம்மையாருக்கோ புழுவும் புல்லும் ஆகாரம், எலும்பைப் பற்றிக் கருத்தே கிடையாது. இரு தரப்பையும் கேட்டு, நடுநிலையாக எழுதினார்: பொருளின் பெயர் தெரியவில்லை, கலத்தின் மீது உணவுப் படம் உள்ளது, ஒரு தரப்பார் அதனை மறுக்கின்றனர்.

இரண்டாவது படிக்குச் சோதனை வேண்டும். மனிதர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று நாற்பத்தேழைக் கேட்டார்கள்.

"எங்க மேல ஊத்திப் பாப்பாங்க. எவ்வளவு ஊத்தினா எங்களுக்கு ஒண்ணும் ஆகலையோ அந்த அளவை எடுத்துக்குவாங்க. எலி வேற மனுசன் வேறன்னு அதைப் பத்தால வகுப்பாங்க. மனுசன்லயும் நோஞ்சான் இருப்பான், புள்ளத்தாச்சி இருப்பான்னு இன்னொரு பத்தால வகுப்பாங்க. நூத்துல ஒரு பங்கு. அதுக்கு மேல ஒரு சொட்டு ஒருத்தன் வாயில போகக்கூடாதும்பாங்க. அவங்க உசுருன்னா அவ்வளவு அக்கறை."

"புள்ளத்தாச்சிக்கும் சேத்தா வகுப்பாங்க?" என்றாள் மூக்காயி. இருபது நாளில் அவள் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அருமையான முறை" என்றார் அம்மையார். "ஆயினும் இக்காட்டில் எலிகள் குடிமக்கள். அவர்கள் மீது சோதிக்க இயலாது. மனிதன் எலியின் மீது சோதிக்கிறான் எனில், நாம் மனிதன் மீது சோதிப்பதே முறை."

மனிதனுக்கு எங்கே போவது என்று யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேனில் நாலு பேர் தாங்களாகவே வந்தார்கள். மடுவின் கரையில் அடுப்பு மூட்டி, பாட்டுப் போட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு ஆடினார்கள். நிபுணரும் உதவியாளரும் மூக்காயியும் நாணல் புதருக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கக் கவனித்தார்கள்.

"மடுத் தண்ணியை ஒருத்தனும் குடிக்கலைங்களே" என்றாள் மூக்காயி. "எல்லாம் பாட்டில்ல கொண்டாந்திருக்கான்."

"குறுக்கிடாதே. மரணம் ஏதும் உண்டா?"

"இல்லீங்க" என்றான் நாற்பத்தேழு. "ஒருத்தன் தள்ளாடி விழுந்து வாந்தி எடுக்கறான். அது அவங்க வழக்கம். நான் ஆய்வுக்கூடத்துல வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பாத்திருக்கேன்."

ஒருவன் மட்டும் தண்ணீரில் காலை வைத்தான். வைத்ததும் எடுத்தான். பாதம் சிவந்துவிட்டது. இன்னொருவன் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "டேய், என்ன கருமத்தைக் கலந்திருக்கானுங்க, கிளம்பலாம்டா" என்றான். கிளம்பிவிட்டார்கள். காலி பாட்டில்களை நமக்கு விட்டுப் போனார்கள்.

அம்மையார் எழுதினார்: நான்கு மனிதர்கள், ஒரு பகல், மரணம் பூஜ்யம். நாற்பத்தேழு பதறிக் குதித்தான். நூறால் வகுக்க வேண்டும், வகுத்தே ஆகவேண்டும் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினான். சரி என்று அவர் வகுத்தார். பூஜ்யத்தை நூறால் வகுத்தாலும் பூஜ்யமாகவே வந்தது.

மூன்றாவது படி, எவ்வளவு உள்ளே போகிறது என்பது. காட்டில் உள்ள எல்லா விலங்குகளையும் எடை போட்டார்கள். யானையை அம்மையார் பார்வையாலேயே எடை போட்டார். மூஞ்சூறை இலைமேல் வைத்து எடை போட்டார். எல்லாவற்றையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, ஒரு சராசரி விலங்கைக் கண்டுபிடித்தார். அதற்கு எடை நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. கால் மூன்றே முக்கால். கொம்பு அரை. வாரத்துக்கு ஒருமுறை மடுவுக்கு வந்து, இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும்.

"எனக்கு எட்டு கிலோங்க" என்றாள் மூக்காயி. "நான் வாரத்துக்கு ஒருதடவை வரலை. அதுக்குள்ளயே குடியிருக்கேன். அதுலயே முங்குறேன், அதுல செத்த மீனைத் தின்கிறேன், அந்த ஈரத்தை நக்கித்தான் உடம்பைத் துடைக்கிறேன்."

"அதுவே உன் குறை. நீ சராசரி அல்ல."

"அந்தச் சராசரி எங்க இருக்கு? நான் இந்தக் காட்டுல பொறந்து வளந்தவ. மூணேமுக்கால் காலோட ஒண்ணையும் பாத்ததில்லையே."

"பார்க்கத் தேவையில்லை" என்றார் அம்மையார். "அது நலமாக இருக்கும்."

நான் இந்த இடத்தில் கோபப்படக்கூடாது, கதை சொல்கிறவன் நடுவில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கோபப்படுகிறேன். அந்த வாத்துக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது, கோதண்டத்திடம் ஒரு புழுகூட வாங்கித் தின்றதில்லை. அவர் கற்ற முறைப்படி ஒரு கூட்டல் தவறாமல் செய்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மூக்காயி சுமக்கத் தொடங்கிய நாற்பத்தோராம் நாள் அறிக்கை தயாரானது. அலுவலகத்தின் தலைவர் தாண்டவமூர்த்தி, ஆயிரம் கிலோ காட்டெருமை, ஆலமரத்தடியில் நின்று படித்தார். மடு நீர் சராசரி விலங்குக்கு முற்றிலும் பாதுகாப்பானது. மேலும் உண்ணி மருந்தால் காட்டில் சொறியும் நேரம் நாளொன்றுக்கு மூன்று மணி குறைந்துள்ளது. ஆகவே கோப்பு மூடப்படுகிறது. எல்லாரும் கைதட்டினார்கள். குளம்பு வைத்தவர்கள் தரையைத் தட்டினார்கள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோப்பு மூடினால், புகார் கொடுத்தவர்தான் அலுவலகம் முழுமைக்கும் பானகம் கலந்து கொண்டுவர வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் அதே பானகம். மூக்காயி வயிற்றைத் தூக்கிக்கொண்டு மடுவுக்குப் போய், கருப்பட்டி கரைத்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து ஒரு பானை நிறையக் கொண்டுவந்தாள். ஆளுக்கொரு சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு தந்திரமும் அவள் மனதில் இல்லை. அழுது அழுது தலை வலித்தது, அவ்வளவுதான்.

தாண்டவமூர்த்தி சிரட்டையை வாயருகே கொண்டுபோய் முகர்ந்தார். "வாசமே ஆளைத் தூக்குதே. எந்தத் தண்ணிம்மா இது?"

"மடுத் தண்ணிதான் சார். எங்களுக்கு வேற ஏது?"

இருபத்திரண்டு சிரட்டைகள் அப்படியே நின்றன.

முதலில் வாத்து அம்மையார் தமக்கு அன்று விரதம் என்பதை நினைவுகூர்ந்தார். தாண்டவமூர்த்தி தமக்குச் சர்க்கரை என்றார். கோதண்டமும் வந்திருந்தான். அவன் தொண்டை கட்டியிருப்பதாகச் சைகையில் சொன்னான். ஒருவருக்குப் பல் கூசியது, ஒருவருக்கு மாமியார் வீட்டிலிருந்து அவசரமாக ஆள் வந்தது.

"குடிங்க சார்" என்றாள் மூக்காயி. குரல் உயரவில்லை. "நீங்க ஆயிரம் கிலோ. சராசரிக்கு ரெண்டு மடங்குக்கு மேல. எட்டு கிலோ நானே குடிக்கிறேன். ஒண்ணும் ஆகாதுன்னு இப்பத்தான் நீங்களே படிச்சீங்க."

தாண்டவமூர்த்தி சிரட்டையைப் பார்த்தார், அறிக்கையைப் பார்த்தார். அப்போதுதான் ஏகாம்பரம் பேச ஆரம்பித்தார். அவர் நேற்று மாலையே சொல்ல நினைத்தது இப்போது வாய்க்கு வந்து சேர்ந்திருந்தது.

"சார்... நம்ம ஆபீசுக்கு வர்ற மூங்கில் குழாய் இருக்குல்ல... அதுவும் அந்த மடுவுலேர்ந்துதான் சார் வருது."

அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் நடந்ததைப் போன்ற வேகத்தை அந்தக் காடு அதற்கு முன் கண்டதில்லை. தாண்டவமூர்த்தி நெற்றியைத் தடவினார், ஒரு பிடி மயிர் வந்தது. மான் கணக்கர் தம் கொம்பை ஆட்டிப் பார்த்தார், ஆடியது. அவசரக் கூட்டம் கூடியது. படி இல்லை, சராசரி இல்லை, வாத்து இல்லை. பொழுது சாய்வதற்குள் இரண்டு யானைகள் மலைச்சுனையிலிருந்து புதுக் குழாய் இழுத்தன. மறுநாள் அலுவலகத்தின் பின்னால் பாறையைக் குடைந்து ஒரு பெரிய தொட்டி கட்டியாயிற்று. மேலே நிழலுக்குப் புங்கமரம். அலுவலர்களுக்கு மட்டும் என்று பலகை. கோதண்டத்தின் ஆலை என்ன ஆயிற்று என்கிறீர்களா? அறிக்கை அவனைப் பாதுகாப்பானவன் என்று சொல்லிவிட்டதே, அவனை யார் மூட முடியும். மடுவின் கரையில் மட்டும் புதிதாக ஓர் அறிவிப்பு நட்டார்கள். இந்நீர் பானகத்துக்கு உகந்ததன்று.

"அப்ப எங்க மடு?" என்று கேட்டாள் மூக்காயி.

"அது வேற கோப்பும்மா" என்றார் தாண்டவமூர்த்தி. "புதுசா எழுதிக் குடு."

அவளுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அவள் வாசலில் வரிசையைப் பார்த்தாள். புதுக் கோப்புக்கு நிபுணர் என்றால் இனி அடுத்த மார்கழிதான் என்பதையும் நினைத்தாள். பிறகு தாண்டவமூர்த்தியின் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காத குரலில், பானகச் சங்கதி அடுத்த காட்டுக்குத் தெரிந்தால் அலுவலகத்தைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று வருத்தப்பட்டாள். பாறைத் தொட்டியில் பாசி பிடிக்கும், நண்டு சேரும், சுத்தம் செய்யத் தண்ணீருக்குள் இறங்கத் தெரிந்த ஓர் ஆள் எப்போதும் வேண்டுமே என்றும் வருத்தப்பட்டாள். ஆயிரம் கிலோ இருந்தாலும் தாண்டவமூர்த்தி மந்தபுத்திக்காரர் இல்லை. அன்று மதியமே ஆணை வந்தது. மூக்காயி, தொட்டிக் காவல், குடும்பத்துடன் தங்கலாம்.

மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய அன்று மடுவில் ஓர் ஆமை தலையை நீட்டியது. கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. "எங்களுக்கும் அங்க ஏதாச்சும் வேலை இருந்தா சொல்லு தாயி" என்றது. ஒரு இடம்தான் இருந்தது என்றாள் மூக்காயி. சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் வழி நெடுகக் கூடவே வந்தது. தொட்டியின் தண்ணீரில் முதல் முங்கு முங்கி எழுந்தபோது அது இல்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். வயிற்றில் மூன்று பேர் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

தை பிறந்து இரண்டு வாரத்தில் மூன்று குட்டிகளும் பிறந்தன. மூன்றுக்கும் மீசை அடர்த்தி. கண் திறந்ததும் கழுத்தைக் கவ்வி இறக்கிவிட்டாள், தொட்டியே அதிர நீந்தின. நீந்துகிற இடத்திலேயே மற்றதும். நீர்நாய்க் குட்டிக்கு அதற்கென்று கரையேறும் பழக்கம் வர மூன்று மாதம் ஆகும்.

ஒவ்வொரு நாளும் பதினோரு மணிக்குத் தாண்டவமூர்த்தி தொட்டித் தண்ணீரை ஒரு சட்டி நிறைய வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடிப்பார். "என்ன இருந்தாலும் சுனைத் தண்ணியோட ருசியே தனி" என்பார். மூக்காயி பணிவாகத் தலையசைப்பாள்.

நீதி: குடிக்கிற தண்ணீரில் நஞ்சு கலந்தால் புகார் எழுதிக்கொண்டு நிற்காதே, புகாரைப் படிக்கிறவர் குடிக்கிற தண்ணீரில் குடும்பத்தோடு போய் இறங்கு.